பார்லிப் புரதத்தோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

ஜெல்காரன்:
நானே தொடங்குகிறேன். முதுகலை ப்ராஜெக்டுக்காக ஹரியானா பக்கம் ஆறு மாதம் இருந்தேன். அங்கே பார்லிக்கு ‘ஜௌ’ என்று பெயர். எட்டு ரகங்களை விதைப் புரதத்தை வைத்தே பிரித்துக் காட்ட வேண்டும், அதுதான் வேலை. விதையைக் குறுக்கே வெட்டி, முளை இருக்கும் பாதியைப் பத்திரப்படுத்திவிட்டு மறுபாதியை நசுக்குவோம். ஏதாவது சுவாரசியமாகக் கிடைத்தால் முளைப் பாதியை நட்டுச் செடியாக்கிக் கொள்ளலாம்.

முதல் கூத்து: ஊரில் சீனியர் அக்கா பச்சைப்பயறுக்கு வைத்திருந்த உப்புக் கரைசல் முறையை நோட்டோடு காப்பியடித்துக் கொண்டுபோனேன். மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களை அளவுவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் மூன்று ஓட்டினேன். எட்டுப் பேர் ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதின மாதிரி எட்டு ரகமும் ஒரே அச்சு. பயறில் சேமிப்புப் புரதம் பெரும்பாலும் குளோபுலின், உப்புத் தண்ணீருக்கு மசிந்துவிடும். பார்லியிலோ மொத்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில சமயம் பாதி வரை, ஹார்டீன் என்ற சேமிப்புப் புரதம். அதற்குத் தண்ணீரும் ஆகாது, உப்பும் ஆகாது, சாராயம்தான் வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த தாமஸ் ஆஸ்போர்ன் 1895-லேயே இதை எழுதி, பெயரும் வைத்துவிட்டார். கைடு ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் 55 சதவீத ஐசோபுரோப்பனால், கூடவே புரதப் பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால், 60 டிகிரி வெந்நீர்த் தொட்டி. அந்த நாற்றத்தோடு மெஸ்ஸுக்குப் போனால் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். நாலாவது ஜெல்லில் சாம்பிளை வெல் என்கிற குழிக்குள் விடுகிறேன், அதில் கலந்த நீலச் சாயம் அடியில் படியாமல் ஊதுபத்திப் புகை மாதிரி நெளிந்து மேலே கிளம்பி பஃபரில் கலந்துபோகிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, எப்படித் தங்கும்? சாற்றை உலர்த்தி, கிளிசரால் போட்ட சாம்பிள் பஃபரில் திரும்பக் கரைத்த பிறகுதான் உட்கார்ந்தது.

ஐந்தாவதில் வந்தது. ஹார்டீனில் டி, சி, பி என்று வகைகள் உண்டு: மேலே 100 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அளவு) பக்கம் டி, நடுவே சி, கீழே கொத்துக் கொத்தாக பி. ரகத்துக்கு ரகம் கோடுகள் மாறின. ஒரு ரகம் ஓடின வரிசை, அதாவது ஒரு லேன் மட்டும் வெளிறிப்போய்க் கிடந்தது. மறுபடி சொதப்பிவிட்டேன் என்று ஜெல்லைக் கைடிடம் கொண்டுபோனால், அவர் சிரிக்கிறார். அது ரீசோ 1508, டென்மார்க்கில் உண்டாக்கிய மரபணு மாற்றுரு. ஹார்டீன் குறைவு, லைசின் கூடுதல். ஆனால் மணி சுருங்கி விளைச்சல் விழுந்ததால் வயலுக்கு வரவில்லை. என்னிடம் சொல்லாமலே தட்டில் வைத்திருக்கிறார் மனுஷன்.

மால்ட் லேப்:
எங்களுக்கு டி, சி, பி எல்லாம் தெரியாது தம்பி. பீருக்கு மால்ட் ஆக்க வரும் பார்லியில் மொத்தப் புரதம் எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. பார்லி லாரி வாசலில் நிற்கும், டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். நான் சேர்ந்த புதிதில் கெல்டால் முறைதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883-ல் வெளியிட்டது, ஆக அதுவும் பீர் வீட்டுப் பிள்ளைதான். கந்தக அமிலத்தில் மாவு கரியாகக் கறுத்து, பிறகு மெல்ல மெல்லத் தெளியும். நைட்ரஜனை அளந்து, புரதக் கணக்குக்கு 6.25-ஆல் பெருக்க வேண்டும். இப்போது மெஷினில் மணியைக் கொட்டினால் ஒரு நிமிடத்தில் ரிசல்ட்.

12 சதவீதம் தாண்டினால் எங்களிடம் விலை குறையும். ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார், போன வருஷ விதைதான், போன வருஷ வயல்தான் என்று. பேசப் பேசத் தெரிந்தது, கதிர் வரும் நேரத்தில் யூரியா போட்டிருக்கிறார். பிந்திப் போடும் யூரியா மணிக்குள் புரதமாகப் போய்ச் சேரும், பெரும்பங்கு ஹார்டீனாக. ஸ்டார்ச்சின் பங்கு குறையும், பீரும் கலங்கலாகும். “உரம் போட்டது தப்பா?” என்று கேட்டார். என்ன சொல்வது? அதற்காகப் புரதமே வேண்டாம் என்றும் இல்லை. பீர் நுரை நிற்பதில் புரதம் இசட், எல்டிபி1 என்று இரண்டு பார்லிப் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

தாவரவியல் டீச்சர்:
என் கதை மானம்போன கதை. முளை இல்லாத அரை விதையை ஸ்டார்ச் அகார் தட்டில் வைத்து ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோன் கொடுத்தால், விதையின் மாவுப் பகுதியை மூடியிருக்கும் அலூரோன் அடுக்கு அமைலேஸ் நொதியைச் சுரந்து சுற்றியுள்ள ஸ்டார்ச்சைத் தின்னும். அயோடின் ஊற்றினால் கருநீலத்துக்கு நடுவே விதையைச் சுற்றி வெள்ளை வட்டம். அடிலெய்டில் பேலெக்கும் ஜப்பானில் யோமோவும் 1960-ல் தனித்தனியாகக் கண்டது. நானும் மளிகைக் கடையில் கால் கிலோ பார்லி வாங்கி முப்பது பிள்ளைகளை வைத்துச் செய்தேன். வட்டம் வரவே இல்லை, பூசணம்தான் வந்தது. ஜிப்ரலின் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் வேறு சண்டை. கடைசியில் பார்த்தால் கடையில் விற்பது முத்துப் பார்லி. பாலிஷ் போட்டபோதே உமியோடு அலூரோனும் போய்விட்டது! உமியோடு விதை வரவழைத்து, ப்ளீச்சில் கழுவிச் செய்ததும் முதல் தடவையே வந்தது.

கஞ்சிவீட்டு அம்மா:
நான் லேப் ஆள் இல்லை. என் மகளுக்குச் சீலியாக், கோதுமைப் புரதம் குடலுக்கு ஆகாத நோய். கோதுமை, மைதா, ரவை எல்லாம் நிறுத்தினோம். கோடையில் நீர்க்கடுப்பு என்று மாமியார் பார்லிக் கஞ்சி கொடுக்க, திரும்பவும் வயிறு உப்பல், பேதி. எங்களுக்குப் பார்லியைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சத்துமாவு டப்பாவில் ‘மால்ட்’ என்றிருப்பதும் முளைகட்டின பார்லிதான் என்று பிறகுதான் தெரிந்தது. டீச்சர், பாலிஷ் போட்டால் புரதம் போய்விடுமா? இரவு முழுக்க ஊறவைத்து ரெண்டு தரம் தண்ணீர் மாற்றினால்?

ஜெல்காரன்:
போகாதுங்க அக்கா. பாலிஷில் போவது வெளி அடுக்கு, ஹார்டீன் இருப்பது உள்ளே மாவுப் பகுதியில். நான் கை பழகியதே முத்துப் பார்லியில்தான், கோடு கோடாக வந்தது. ஊறவைத்தாலும் வராது, தண்ணீரில் கரையாது என்று தெரிந்துகொள்ளத்தான் மூன்று ஜெல்லைப் பாழாக்கினேன். கோதுமையில் உள்ள கிளையடின் என்ற புரதத்துக்குப் பங்காளி அது, மகள் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவன ஆட்கள் ஹார்டீன் குறைந்த ரகங்களை ஒன்றோடொன்று இனக்கலப்பு செய்து, ஹார்டீன் மிக மிகக் குறைந்த பார்லி உண்டாக்கியிருக்கிறார்கள், அந்த வெளிறின லேன் 1508-ம் அதில் உண்டு. நம் மளிகைக் கடையில் கிடைப்பது அது இல்லை. அத்தையிடம் சுத்தம் பார்த்து வாங்கின கேழ்வரகிலோ கம்பிலோ கஞ்சி காய்ச்சச் சொல்லுங்கள். கோதுமை அரைக்கும் மில்லில் மட்டும் அரைக்க வேண்டாம்.