புதுப்பிப்பு: பெண்கள் சேர்க்கை பற்றிய சுவரொட்டி என்ன ஆச்சு?

வியாசர்பாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகள் டியூஷன் படிக்கிற இடத்தில் ஒட்ட, தொழில்நுட்ப உயர்கல்வியில் பெண்கள் சேர்க்கை பற்றி ஒரு சுவரொட்டி வடிவமைக்கிறேன், பை சார்ட்டா பார் சார்ட்டா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் பை என்றீர்கள். பார்தான் போட்டிருக்கிறேன். வருஷாவருஷம் ஏறுவதை வட்டத்துக்குள் எப்படிக் காட்டுவது?

நடுவில் ஐஐடி. 2016-ல் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவீதம். அப்புறம் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கி, 2018-க்கு 14, 2019-க்கு 17, 2020-க்கு 20 என இலக்கு வைத்தார்கள். நிஜ எண்ணுக்கு முழுக் கறுப்பு, இலக்குக்குச் சாய்கோடு. மற்றவர்களின் இடத்தைக் குறைக்கவில்லை என்று தனியாக ஒரு வரி. இல்லாவிட்டால் முதல் கேள்வியே அதுதான் வரும். அளவுகோலை 50 வரை நீட்டியிருக்கிறேன். 20-ல் நிறுத்தினால் பட்டை உச்சியைத் தொட்டு, வேலை முடிந்த மாதிரி தெரியும்.

பிங்க் வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி. ஜெராக்ஸில் பிங்க்கும் இளநீலமும் ஒரே சாம்பல்தான்.

கீழ்ப்பெட்டியில் புதுமைப் பெண் திட்டம்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேற்படிப்பின்போது மாதம் 1000 ரூபாய், பாலிடெக்னிக், ஐடிஐக்கும் உண்டு. 2022 செப்டம்பர் 5-ல் நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள். மாதிரித் தாளைப் பார்த்த அம்மாக்கள் சார்ட்டை விட்டுவிட்டு நேராக அந்தப் பெட்டிக்குத்தான் போனார்கள். சரி, அதை மேலே ஏற்றிவிட்டேன்.