பொறிச்சொல் நீளமும் தட அகலமும்

வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் வேர்ட் சைஸுக்கு (word size) 'சொல்லளவு' என்று வைத்து, 'செயலி ஒரே வீச்சில் கையாளும் பிட்களின் எண்ணிக்கை' என வரையறுத்திருக்கிறோம். இதை இப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. 'ஒரே வீச்சில்' என்றதுமே கூட்டற்சுற்றும் கம்பிகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. நிரல் எழுதுபவருக்கு அவை தெரியவே வேண்டாம்.

ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தைப் பாருங்கள். செயலிக்குள் தரவு ஓடும் வழியான உள்தடம் மாடல் 30-இல் 8 பிட், மாடல் 40-இல் 16, மாடல் 50-இல் 32. நம் வரையறைப்படி மூன்றுக்கும் வெவ்வேறு சொல்லளவு வருகிறது! உண்மையில் மூன்றுக்கும் சொல் 32 பிட்தான். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதிலும் ஓடும். மாடல் 30 அந்த 32 பிட்டைப் பைட் பைட்டாக, அதாவது எட்டெட்டு பிட்டாகக் கூட்டும். விடை மாறாது, நேரம்தான் கூடும். இந்தக் குடும்பத்தை வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், நிரலர் காணும் பண்புகளே கட்டமைப்பு (architecture) என்று சொல்லி, அதை வன்பொருளிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். கட்டமைப்பு விதிப்பது 'பொறிச்சொல் நீளம்'. வன்பொருளில் தரவு ஓடும் வழி 'தட அகலம்'. நீளம் ஒன்றுக்கு, அகலம் மற்றொன்றுக்கு என்று வைத்தால் மாணவர்களுக்கு இரண்டும் கலக்காது. 'பாட்டை அகலம்' (bus width) போதாது. இன்டெல் 8088 செயலிக்கு வெளிப்பாட்டை 8 பிட், உள்ளே 16. தடம் என்றால் உள்தடம், வெளித்தடம் என இரண்டையும் சொல்லலாம்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மோட்டோரோலா 68000 செயலியின் பதிவகங்கள் (registers) 32 பிட். அதன் கையேடோ 16 பிட்டைத்தான் வேர்ட் என்கிறது. இங்கே ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) கட்டமைப்பிலும், 64-பிட் வகைக்குக்கூட வேர்ட் 32 பிட்தான். '64-பிட் செயலி' என்று நாம் சொல்வது பெரும்பாலும் பதிவகத்தை வைத்து. ஆகவே 'பதிவக நீளம்' தனிப்பதிவாகவே இருக்கட்டும்.

கட்டமைப்பை வன்பொருளாக உருவாக்கும் இம்ப்ளிமென்டேஷனுக்குச் 'செயலாக்கம்' வேண்டாம். அதை பிராசஸிங்குக்கு ஏற்கெனவே புழங்குகிறோம். 'வன்பொருளாக்கம்' எனலாம்.

திருத்திய வரையறை:

பொறிச்சொல் நீளம்: ஒரு கணினிக் கட்டமைப்பு 'சொல்' என்று விதிக்கும் தரவலகிலுள்ள பிட்களின் எண்ணிக்கை. வன்பொருளாக்கத்தின் தட அகலம் இதற்குச் சமமாகவோ குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

'வன்பொருளாக்கம்' நீளமாக இருப்பதாகத் தோன்றினால் மாற்றுச் சொல் தாருங்கள். வரையறையின் இரண்டாம் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.