மைண்ட் மேப் போட்டும் நாள் பிடிபடவில்லை: கிளைகளை எப்படிப் பிரிப்பது?

மாடிவீட்டு_கணக்கு கேட்டது:

வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். சாதாரண நாளுக்கு டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டாலே போதும். 20ஆம் தேதி மாதிரியான நாட்களில்தான் திணறல். வரப்போகும் 20க்கு இருப்பவை இவை:

மூன்று கடைகளுக்கு 3பி, அதாவது 20க்குள் போட வேண்டிய மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் (ஒரு ஓட்டல், ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு ஜவுளிக்கடை). மாமியாரை 10.30க்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அன்று எங்கள் பகுதியில் 9 முதல் 2 வரை மின்தடை அறிவித்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வரும். இட்லி மாவு ஆட்ட வேண்டும். 4.30க்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், 6 மணிக்குச் சின்னவளுக்குப் பாட்டு வகுப்பு.

நடுவில் தேதி, சுற்றிலும் வீடு, ஆபீஸ், பிள்ளைகள், மாமியார், வெளிவேலை என்று ஐந்து கிளை போட்டேன். எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் அதைப் பார்த்து அடுத்து எதைக் கையில் எடுப்பது என்று தெரியவில்லை. கிளைகளை வேறு மாதிரி பிரிக்க வேண்டுமா? நேரத்தை எங்கே குறிப்பது? ஒரு வேலை தள்ளிப்போனால் முழுவதையும் திரும்ப வரைய வேண்டுமா? பேப்பர் நல்லதா, ஆப் நல்லதா?

---

வேம்படி:

கிளை பிரித்த விதத்தை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். வீடு, ஆபீஸ், பிள்ளைகள் என்று பிரித்தால் வேலை யாருக்காக என்பது தெரியும். அன்றைய பொழுதை ஓட்ட அது உதவாது. ஒவ்வொரு வேலையும் நடக்க என்ன தேவை என்று கேட்டுப் பிரியுங்கள். உங்கள் 20ஆம் தேதிக்கு ஐந்து கிளை வரும்: கரண்ட், வெளியே, அடுத்தவர் கையில், தானே ஓடுவது, எங்கிருந்தும்.

கரண்ட் கிளையை முதலில் போடுங்கள், அன்றைக்கு அதுதான் ராஜா. 9க்கு முன் முடிய வேண்டியவை: மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, சட்னி அரைப்பது, யூனிபார்ம் தேய்ப்பது, லேப்டாப், போன் இரண்டையும் முழு சார்ஜில் வைப்பது. 2க்குப் பின்: கிரைண்டர், மூன்று தாக்கல்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, 9க்கு மேல் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றும். மோடத்துக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறந்துவிடுவோம். போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், அது மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற போனின் சார்ஜைத் தின்றுவிடும்.

'அடுத்தவர் கையில்' கிளையைத்தான் பலரும் போடுவதில்லை, நாள் கவிழ்வதும் பெரும்பாலும் இங்கேதான். 3பியை ஓடிபி போட்டு முடிப்பதாக இருந்தால் அது கடைக்காரரின் போனுக்குத்தான் போகும். ஆகவே தாக்கல் முடிவது உங்கள் வேகத்தைப் பொறுத்ததல்ல, அவர் போனை எடுப்பதைப் பொறுத்தது. ஓட்டல்காரர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கமாட்டார். 3.30 வாக்கில் ஓய்வாக இருப்பார், 6க்கு மேல் மறுபடி கூட்டம். ஜவுளிக்கடைக்கு மாலைதான் வியாபாரம். அப்படியானால் 2 மணிக்கு ஜவுளி, 3.30க்கு ஓட்டல், 5க்கு ஹார்டுவேர் என்று வரிசை தானாக விழுகிறது. வேலையின் அளவை வைத்து யோசித்தால் இந்த வரிசை வரவே வராது. ஒவ்வொரு கடையின் பெயருக்குப் பக்கத்திலும் 'போன் எடுக்கும் நேரம்' என்று ஒரு சின்னக் கிளை வையுங்கள்.

சிலிண்டரும் இதே கிளைதான். டெலிவரி கோடு பதிவு செய்த போனுக்கு வரும், அதைச் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவார்கள். பணத்தை ஆன்லைனில் முன்பே கட்டிவிட்டு, கோடு வந்ததும் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து, காலி சிலிண்டரையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனால் அதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

'தானே ஓடுவது' என்பது கைவைக்க இரண்டே நிமிடம் பிடித்து, பிறகு மணிக்கணக்கில் தன்போக்கில் நடக்கும் வேலை. அரிசி, உளுந்து ஊறப்போடுவது அப்படி. சுமார் 4 மணி நேரம் ஊற வேண்டும், ஆட்டக் கரண்ட் 2க்குத்தான் வரும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 9.30க்கு, கிளம்புவதற்குச் சற்று முன் ஊறப்போட வேண்டும். இந்தக் கிளையில் உள்ள எல்லாவற்றுக்கும் இதே விதி: முடிய வேண்டிய நேரத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னால் வந்து தொடங்கும் நேரத்தைக் குறிப்பது. 2 மணிக்குக் கரண்ட் வராமல் இழுத்தால் ஊறவைத்த தண்ணீரை மாற்றிவிடுங்கள், கொஞ்ச நேரம் தாங்கும்.

'எங்கிருந்தும்' கிளையில் போன் ஒன்று இருந்தால் முடிகிறவை மட்டும்: விடுபட்ட பில்களை வாட்ஸப்பில் கேட்பது, பாட்டு வகுப்பு ஃபீஸ் அனுப்புவது, கரண்ட் பில் கட்டுவது. இவை மருத்துவமனைக் காத்திருப்புக்குத் தீனி. கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் அது வேலை செய்யவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடுநடுவே கூப்பிட்டுக்கொண்டும் இருப்பார்கள். ஆகவே அங்கே 15 நிமிடத்துக்கு மேற்பட்ட எந்த வேலையையும் வைக்காதீர்கள். சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் மாமியாருக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். வீட்டுக்கு வந்த பிறகும் மாலைவரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இதையும் படத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 'வந்தாச்சு, முடிந்தது' என்று அடித்துவிடுவோம்.

கிளைகள் முடிந்ததும் சிவப்புப் பேனாவால் அம்பு போடுங்கள். ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்ற இடத்தில் மட்டும். ஊறப்போடு → ஆட்டு. பில் வாங்கு → தாக்கல். ஆறேழு அம்புக்கு மேல் போனால் அன்றைய நாளில் வேலை அதிகம் என்று பொருள், எதையாவது எடுத்தாக வேண்டும்.

---

அரைக்கால்படி:

வேம்படி சொன்னதோடு ஒன்று. கிரைண்டர் ஓடும்போது ஓடிபி கேட்டுப் போன் பேச முடியாது, சத்தத்தில் எண் மாறிக் கேட்கும். இரண்டும் 2 மணிக்குப் பின் என்று ஒரே கிளையில் இருப்பதால் சேர்த்துச் செய்யலாம் போலத் தெரியும். மாவு ஆடும்போது பில்களைச் சரிபார்க்கலாம், ஓடிபி வேண்டாம். சேர்ந்து நடக்கக்கூடாத இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு வெட்டுக்கோடு போடும் பழக்கம் நல்லது.

நேரத்தை எங்கே எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். படத்துக்குள் எழுதாதீர்கள். மைண்ட் மேப்பைப் பரவலாக்கிய டோனி பூசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் அதை எடுத்துச் சொன்னபோது நோக்கம் படிப்பதும் நினைவில் வைப்பதும்தான். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும் படத்தில் முன், பின் என்பது கிடையாது. அதில் 10.30 என்று எழுதினால் அது இன்னொரு சொல்லாகத்தான் கிடக்கும், 9.30க்குப் பக்கத்தில் வந்து உட்காராது.

ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வையுங்கள். கீழே 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்கிவிட்டு மேலே உள்ள இடத்தில் மட்டும் மேப் போடுங்கள். தாளின் அகலம் 29.7 செ.மீ. காலை 6 முதல் இரவு 9 வரை 15 மணி நேரம். ஒரு மணிக்கு 1.8 செ.மீ. விட்டால் 27 செ.மீ., ஓரத்தில் இடமும் மிஞ்சும். அசைக்க முடியாதவற்றை முதலில் பேனாவால் கட்டம் கட்டுங்கள்: காலைச் சமையலும் பிள்ளைகளைக் கிளப்புவதும் 6–8.30, மருத்துவமனை போக வர 9.45–1.15, சாப்பாடு 1.15–2, பிள்ளைகள் வந்ததும் அரை மணி, பாட்டு வகுப்புக்குக் கொண்டுவிடுவது, இரவுச் சமையல். வெள்ளிக்கிழமை என்றால் ராகுகாலம் 10.30–12, வீட்டில் பார்ப்பவர்கள் இருந்தால் அதற்குள் கிளம்பச் சொன்னால் பேச்சு வரும். அதையும் கட்டம் கட்டிவிடுங்கள்.

இப்போது மின்தடையைக் குறுக்குக் கோடுகளால் நிரப்புங்கள். மிச்சமுள்ள வெள்ளை இடம்தான் உங்கள் கையில் இருப்பது. உங்கள் கணக்குப்படி கரண்ட்டோடு கூடிய வெள்ளை இடம் 8.30–9, 2–4.30, 5லிருந்து வகுப்புக்குக் கிளம்பும்வரை. கூட்டினால் மூன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். ஒரு கடைக்கு 40 நிமிடம் என்றால் மூன்றுக்கும் 2 மணி நேரம், இது அடங்கும். ஒரு மணி வைத்தால் கஷ்டம். வெள்ளை இடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். 20ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி போர்ட்டல் மெதுவாகத்தான் போகும், மிச்சப் பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும்.

மேப்பில் இருப்பதைப் பட்டையில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். தள்ளிப்போனால் பட்டையில் அழித்து நகர்த்தினால் போதும், மேப்பைத் தொட வேண்டாம். மின்தடை என்ற ஒன்று மாறினால் தவிர கிளைகள் மாறாது.

---

நெசவுத்தறி_88:

வேறு கோணம். இந்த நாள் இவ்வளவு நெரிசலாக இருக்கவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2பி (கொள்முதலுக்குக் கழிக்கக்கூடிய வரியைப் போர்ட்டலே காட்டும் பட்டியல்) 14ஆம் தேதியே வந்துவிடும். கொள்முதல் பில்லோடு ஒத்துப்பார்ப்பது, வரி எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்வது, சலான் போட்டுப் பணத்தைக் கட்டவைப்பது எல்லாம் 18, 19லேயே முடிகிற வேலை. 20க்கு மிஞ்சுவது சமர்ப்பிப்பதும் ஓடிபியும்தான், கடைக்குப் பத்து நிமிடம். முடிந்தால் அதையும் முந்தைய நாளே. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி, அது கடைக்காரர் தலையில் விழும், நம் பெயரும் கெடும்.

மேப் போட்டதும் ஒவ்வொரு நுனியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது இன்றைக்கே நடக்க வேண்டியதா, இன்றைக்குள் நடந்தால் போதுமா?' இன்றைக்கே என்பதைச் சுற்றி வட்டம். உங்கள் பட்டியலில் வட்டம் விழுவது மருத்துவமனை, சிலிண்டர், பாட்டு வகுப்பு, இவ்வளவுதான். மாவையே 19ஆம் தேதி ஆட்டிவிடலாமே.

இன்னொன்று, ஏழெட்டு வேலைதான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால் மேப் வேண்டாம். டைரி வரிசை போதும். மேப் போடுவதற்கே 20 நிமிடம் போகும், வண்ணம் தீட்டினால் இன்னும் கூடும்.

---

டேப்_என்டர்:

ஆப் பற்றி. தனியாக, வீட்டில் இருந்து செய்யும் நாளுக்குப் பேப்பர்தான். அடிக்கடி திரும்ப வரும் நாளுக்கு (உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 20) கணினியில் ஒரு மாதிரிப் படம் (டெம்ப்ளேட்) வைத்துக்கொள்வது நல்லது. ஃப்ரீபிளேன் என்ற மைண்ட் மேப் மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டேப் அழுத்தினால் உட்கிளை, என்டர் அழுத்தினால் பக்கத்துக் கிளை, ஸ்பேஸ் அழுத்தினால் கிளை மடங்கும். மவுஸைத் தேடாமல் டைப் செய்துகொண்டே போகலாம், யூனிகோடு தமிழ் சிக்கலில்லாமல் வரும். 1, 2, 3 என்ற எண் ஐகான்களும் உண்டு. வேம்படி சொல்லும் அம்புகளுக்கு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கனெக்டர் போடலாம்.

மாறாத ஐந்து கிளைகளையும் கடைகளின் 'போன் எடுக்கும் நேரம்' குறிப்புகளையும் அதில் வைத்துவிட்டு, முந்தின நாள் இரவு பிரிண்ட் எடுத்து அன்றைய வேலைகளைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். போன் ஆப்பில் முழு மேப்பையும் நடத்தப் பார்க்காதீர்கள். சின்னத் திரையில் மூன்றாம் அடுக்கு தெரிய விரித்தால் முதல் அடுக்கு திரைக்கு வெளியே போய்விடும். எல்லாம் ஒரே பார்வையில் தெரிவதுதான் மேப்பின் பயனே.

எந்தக் கருவியானாலும் நுனியில் வினைச்சொல் இருக்கட்டும். 'ஜவுளிக்கடை' என்று எழுதினால் என்ன செய்வது என்று மறுபடி யோசிக்க வேண்டும். 'ஜவுளி: ஜூலை பில் கேள்' என்றால் கை நேராகப் போனுக்குப் போகும்.

---

மாடிவீட்டு_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. மின்தடையை ஒரு கிளையாகவே போடலாம் என்று தோன்றியதே இல்லை. 2பி வேலையை 18க்கு நகர்த்திவிடுகிறேன். இன்னும் ஒன்று: என் கணவர் அன்று மதியம் 3 மணிக்கு வந்துவிடுவார். அவர் வேலையையும் இதே தாளில் போடலாமா? நடுவில் புதிதாக வரும் போன்களை எங்கே எழுதுவது?

---

வேம்படி:

அவர் செய்யப்போகும் வேலையைத் தனிக் கிளையாக்க வேண்டாம். இருக்கிற கிளையிலேயே அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, பட்டையில் உங்கள் வரிசைக்கு அடியில் அவருக்கு 3 மணியிலிருந்து இரண்டாம் வரிசை போடுங்கள். ஒப்படைக்கச் சரியானவை உங்கள் தலை தேவைப்படாதவை: மாமியாருக்குத் துணை, பாட்டு வகுப்புக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது. வகுப்பை அவர் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு மாலையில் ஒரு நீளமான வெள்ளை இடம் கிடைக்கும், ஹார்டுவேர் கடையை அங்கே வையுங்கள். தாளை போட்டோ எடுத்துக் காலையிலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். 3 மணிக்கு வந்து 'என்ன செய்யணும்' என்று கேட்டு, நீங்கள் ஓடிபிக்கு நடுவில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதிதாக வருபவற்றுக்கு வலது மேல் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். யார் கூப்பிட்டாலும் பெயரும் விஷயமும் அங்கே மட்டும், கிளையில் ஏற்ற வேண்டாம். 1.15க்குச் சாப்பிட உட்காரும்போது அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு முடிவு: இன்று பட்டையில் இடம் உண்டு, நாளைய தாளுக்குப் போகட்டும், வேறு ஒருவர் செய்யட்டும். கட்டம் நிரம்பிவிட்டால் அதன் பிறகு கூப்பிடுகிறவர்களிடம் "நாளைக்குக் காலையில் நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள்.