கொம்பு தொலைந்த மலர்: பல பக்க பிடிஎஃபைத் திறந்தவர்கள் சொல்கிறோம்

கடைக்காரன்

பதினைந்து வருடமாக டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை, வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் என்று ஒரு பக்க வேலைதான் அதிகம். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வடிவமைத்து, கர்வ் பண்ணி (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி) பிரஸ்ஸுக்கு அனுப்பினால் முடிந்தது. அப்படி இருந்தவனிடம் போன வருடம் ஒரு கும்பாபிஷேக மலர் வந்தது. 64 பக்கம். கமிட்டிப் பையன் ஒருவன் வேர்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தான். “எல்லாம் ரெடிண்ணா. பார்டர் போட்டு அம்மன் படம் வெச்சுக் குடுத்தா போதும்.”

கோரலில் பிடிஎஃபைத் திறந்தேன். எந்தெந்தப் பக்கம் வேண்டும், எழுத்தை எழுத்தாகவே கொண்டுவரவா, கர்வாகக் கொண்டுவரவா என்று கேட்டது. எழுத்தாக வந்தால் பின்னால் திருத்தலாமே என்று அதையே கொடுத்தேன். மொத்தப் பக்கமும் வந்து உட்கார்ந்தது. பரவாயில்லையே என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வரிக்கு நாலு இடத்தில் புள்ளி வட்டம். அதன் மேல் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு. ஏதோ குப்பை சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தேடு-மாற்று வசதியில் அந்தக் கொம்புகளை மொத்தமாகத் தேடி, வெறுமையால் மாற்றிவிட்டேன். பக்கம் பளிச்சென்று ஆனது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் கெடுத்ததில்லை.

நான் எடுத்தது குப்பை இல்லை, பெயர்களின் தலை. நன்கொடையாளர் பட்டியலில் கோவிந்தசாமி காவிந்தசாமி ஆனார். செல்லம்மாள் சல்லம்மாள் ஆனார். கைலாசம் கலாசம், பொன்னம்மாள் பான்னம்மாள். (ஆட்கள் வேறு, பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத்து போன விதம் மட்டும் அப்படியே.) முருகனும் சரஸ்வதியும் பிழைத்தார்கள், அவர்களுக்குக் கொம்பு கிடையாது. பாதிப் பெயர் சரியாக இருந்ததால்தான் என் கண்ணுக்கும் தப்பியது, ப்ரூஃப் பார்த்த கமிட்டித் தலைவர் கண்ணுக்கும் தப்பியது.

பதினாறு பதினாறு பக்கமாக நாலு பாரம். பட்டியல் இருந்த கடைசி பாரம் 1,000 பிரதி ஓடி முடிந்து, ஸ்டேப்பிள் பின் அடிக்கப் போகிற நேரத்தில் பைண்டிங் பையன்தான் கேட்டான்: “அண்ணே, காவிந்தசாமின்னு ஒரு பேரா?” அந்த ஒரு பாரத்துக்குப் பேப்பர், பிளேட், கூலி எல்லாம் என் கையிலிருந்து போனது. மற்ற மூன்றில் கட்டுரைகள். அவற்றிலும் இதே கதைதான், ஆனால் நேரமில்லை. அப்படியே போயிற்று. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. மலரில் கட்டுரை படிக்கிறவர் யார்?

இதே மாதிரி அடி வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பேஜ்மேக்கர்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நடந்தது என்னவென்று சொல்கிறேன்.

அடோபி 1993-இல் பிடிஎஃபைக் கொண்டுவந்தது, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த உருவத்தை இந்த இடத்தில் வை, அடுத்ததை அங்கே வை என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கும். பத்தி எங்கே முடிகிறது, எது தலைப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. இப்போது எல்லாரும் அடிக்கிற யூனிகோட் முறையில் ‘கோ’ என்றால் முதலில் க, அப்புறம்தான் ஓகாரக் குறி. தாளில் பார்த்தால் முதலில் இரட்டைக் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். பிடிஎஃபில் அந்தத் தாள் வரிசையில் உருவங்கள் கிடக்கும். அதை மறுபடி எழுத்தாக அள்ளும்போது கொம்பு முதலில் வந்துவிடும். சார்ந்து நிற்க எழுத்து இல்லாத கொம்புக்கு மென்பொருள் ஒரு புள்ளி வட்டத்தைக் கொடுத்து உட்கார வைக்கிறது. நீங்கள் அதைத் தூக்கிவிட்டீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம், தாள் வரிசைதான். எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் போதும், அப்படியே வரும். இல்லாவிட்டால் 64 பக்கமும் ஆங்கில எழுத்துக் குவியல். அதிலும் ஒரு நன்மை உண்டு: தப்பு என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். பாதி சரியாக வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஸ்கார்பரோ

ஐயா பாமினி என்று சொன்னதும் எழுதத் தோன்றியது. இங்கே கனடாவில் எங்கட ஆட்களுக்கு நினைவு மலர் செய்து கொடுக்கிறேன், கல்வெட்டு என்று சொல்வோமே, 31ஆம் நாள் அன்று கொடுப்பது. நாள் தள்ளிப்போட முடியாத வேலை.

ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்தில் அடித்த 28 பக்க பிடிஎஃபை அனுப்பியது. பாதிப் பக்கம் பாமினி, மீதி யூனிகோட். தேவாரம் ஒரு பிள்ளை அடித்தது, வாழ்க்கை வரலாறு இன்னொரு பிள்ளை அடித்தது. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தேன். 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து பல பக்கங்களை ஒரே தடவையில் திறக்கலாம், ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆர்ட்போர்ட், அதாவது தனி வரைதாள். அதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்த காலத்தை நினைத்தால் சொர்க்கம். ஆனால் எழுத்துரு இல்லை என்று வந்த எச்சரிக்கையை வாசிக்காமல் சரி என்று அமத்திவிட்டேன். பாமினிப் பக்கங்கள் ஆங்கிலக் குவியல், அது உடனே தெரிந்தது. யூனிகோட் பக்கத்தில் இறந்தவரின் ஊர்ப் பெயரில் கொம்பு கழன்று நின்றது, அதைக் கவனித்தது அவருடைய பேத்தி. பன்னிரண்டு வயது, தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு மற்றவர் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பிளேஸ் மட்டும்தான். படம் மாதிரி வைத்து, மேலே என் வேலையைச் செய்வேன்.

இங்க்ஸ்கேப் டீச்சர்

பள்ளி ஆண்டு மலர் என் பொறுப்பு. செலவுக்குப் பணம் கிடையாது, அதனால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள். முன்பெல்லாம் பிடிஎஃப் கொடுத்தால் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு, ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கும். 24 பக்க மலருக்கு 24 ஃபைல். 2022-இல் 1.2 பதிப்பு வந்த பிறகு எல்லாப் பக்கமும் ஒரே ஃபைலில் வரிசையாக விரிந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வருடம் வந்த 1.3-இல் இறக்கும் பெட்டியிலேயே எழுத்துருப் பட்டியல் இருக்கிறது, எது நம்மிடம் இருக்கிறது, எது இல்லை என்று. எல்லா எழுத்தையும் பாதையாக (நீங்கள் கர்வ் என்பதுதான்) மாற்றிக் கொண்டுவரச் சொல்லவும் வழி உண்டு. தமிழுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கொடுக்கிறேன்.

என் அசட்டுத்தனம் வேறு. எல்லாம் முடித்து, இங்க்ஸ்கேப்பின் வழக்கமான ஃபைல் வகையான எஸ்விஜியாகச் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர் பிரவுசரில் திறந்திருக்கிறார். “டீச்சர், அட்டை மட்டும்தானா? உள்பக்கம் எப்ப வரும்?” இங்க்ஸ்கேப்புக்கு வெளியே அந்த ஃபைல் முதல் பக்கத்தைத்தான் காட்டும். பிடிஎஃபாகச் சேமித்தால் 24 பக்கமும் போகும். நான் அவரிடம், உள்பக்கம் நாளைக்கு வரும் என்று ஏதோ திட்டமிட்டதுபோல் சொல்லி வைத்தேன்.

பெயர் வேண்டாம்

கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் பிடிஎஃபைத் திறந்தேன், 40 பக்கமும் அடுக்கடுக்காக லேயராக வந்தது. ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) 100 என்று இருந்ததைப் பார்க்கவில்லை. அச்சுக்கு 300 வேண்டும். புத்தகம் கண்ணீர் வழியே பார்ப்பது மாதிரி வந்தது. அவ்வளவுதான் என் கதை.

இன்டிசைன்

ஸ்கார்பரோ அண்ணன் சொல்வதுதான் என் வழியும், ஆனால் பிளேஸ் பண்ணினால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். புத்தகப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனோடு வரும் ஸ்கிரிப்ட்டுகளில் (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்களில்) பல பக்க பிடிஎஃபை ஒரே மூச்சில் வைக்க ஒன்று இருக்கிறது. 96 பக்க வர்த்தக மலர் ஒன்றை அப்படி வைத்தேன். அழகு. இரண்டு நாள் கழித்து, ஒரு விளம்பரம் சேர்ந்திருக்கிறது என்று அதே பெயரில் புது பிடிஎஃப் கொடுத்தார்கள். வைத்த பக்கங்களை அந்த ஃபைலோடு இணைக்கும் லிங்கைப் புதுப்பித்தேன்.

ஒவ்வொரு சட்டமும் ‘அந்த ஃபைலின் 31ஆம் பக்கம்’ என்றுதான் நினைவு வைத்திருக்கும். அதில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. புது விளம்பரம் 30ஆம் பக்கமாக நுழைந்ததால் பின்னால் இருந்தது எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போனது. பக்க எண் நான் போட்டது, அது நகரவில்லை. பொருளடக்கத்தில் தலைவர் உரை என்றிருந்த பக்கத்தில் வேட்டி விளம்பரம். கடைசிப் பக்கத்து நன்றியுரை இடமில்லாமல் காணாமலே போனது. நல்லவேளை, பிரின்ட் எடுத்து மடித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று. வைக்கும்போது டிரிம் (வெட்டும் கோடு) வரையா, பிளீட் (வெட்டுக்கு வெளியே விடும் ஓரம்) வரையா, மீடியா (முழுத் தாள்) வரையா என்று கேட்கும். டிரிம் கொடுத்தால் ஓரத்துக்கு வெளியே வைத்த 3 மில்லிமீட்டர் வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும், பைண்டர் மேல் பழி போடுவோம்.

கடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தப் புள்ளி வட்டத்தின் அர்த்தமே புரிந்தது.

இப்போது பிடிஎஃப் வந்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் “வேர்டு ஃபைலையும் வாட்ஸாப்பில் போடு தம்பி” என்று சொல்லிவிடுகிறேன். இருந்தும் அனுப்ப மாட்டார்கள், பத்துக்கு ஆறு பேர். அவர்களுக்கு கர்வாகவே இறக்கி, பார்டர் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு எழுத்து மாற்ற வேண்டுமென்றாலும் அந்த வரியைப் புதிதாக அடித்து மேலே ஒட்டுகிற பிழைப்புதான். பெயர்ப் பட்டியல் மட்டும் யார் கொடுத்தாலும் என் கையால் திரும்ப அடிக்கிறேன்.

ஆடிக் கொடைக்கு இந்த வருடமும் நோட்டீஸ் என்னிடம்தான் கொடுத்தார்கள். ப்ரூஃப் பார்க்கக் கோவிந்தசாமி ஐயாவே வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அம்மன் பெயரைக்கூடப் பார்க்காமல், நேராகக் கீழே தன் பெயருக்குப் போனார்.