தோட்டக் கூடத்தில் போர்ப் படம்: காட்டலாமா? யாருக்கு, எப்படி?

மூடுபனி

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பின் சமூகக் கூடம். ஜனவரி, பிப்ரவரியில் மூன்று சனிக்கிழமை மாலை மூன்று படம் போட ஏற்பாடு நடக்கிறது. போரும் ஒடுக்குமுறையும் என்பது தலைப்பு. யோசனையில் இருப்பவை ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் (1993, போலந்தில் நாஜிகளின் யூதப் படுகொலை), கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் (1988, போர்க்கால ஜப்பானில் அநாதைப் பிள்ளைகள்), பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ் (1966, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரியப் போராட்டம்). தொண்ணூறு பேர் உட்காரலாம். தகரக் கூரை, பலகை மேடை. பாதிப்பேர் சிலோனிலிருந்து வந்த எழுபது வயதுக்காரர்கள், மீதி ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள், கொஞ்சம் முன்னாள் ராணுவத்தினர்.

குழுவில் ஒருவர் பெரியவர்களைக் கூப்பிடவே கூடாது என்கிறார். இன்னொருவர், அவர்கள் இல்லாமல் காட்டுவதில் அர்த்தமே இல்லை என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லயம்_ஏழு

நான் வேண்டாம் கட்சி.

இந்தப் பெரியவர்கள் யார்? சிலோனின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவை ஆன தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 1964 அக்டோபர் 30 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி. சந்தையில் மூட்டை பிரிப்பதைப் போல. அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவர்களை உட்காரவைத்துப் போலந்தில் நடந்ததற்கு அழச் சொல்லப் போகிறீர்கள்.

ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் எப்படித் தொடங்குகிறது? மடக்கு மேசை, டைப்ரைட்டர், வரிசை, பெயர் சொல், பதிவு செய். பிறகு ரயிலடியில் பெட்டிகளில் பெயர் எழுதச் சொல்லி, பின்னால் வரும் என்று ஏமாற்றி எடுத்துக்கொள்ளும் காட்சி. இந்தியாவுக்குக் கப்பலேற தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போன ரயிலுக்கு இலங்கை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். குண்டுச் சத்தத்துக்கு அவர்கள் அசையமாட்டார்கள். அந்த மேசை அசைத்துவிடும். எச்சரிக்கைப் பலகையில் 'வன்முறைக் காட்சிகள் உண்டு' என்று எழுதுவீர்கள். 'பெயர் கூப்பிடும் காட்சி உண்டு' என்று எழுதுவீர்களா?

கோடப்பமந்து

மேசை பற்றிச் சொன்னது சரி, முடிவு சரியில்லை. ஜெர்மனியைப் பாருங்கள். யூதப் படுகொலை பற்றிய ஹோலோகாஸ்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானது. சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஸ்டுடியோவில் வரலாற்றாசிரியர்கள் உட்கார்ந்து தொலைபேசியில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில், கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர இருந்த காலவரம்பை நாடாளுமன்றம் நீக்கியது. முப்பது வருடம் புத்தகமும் வழக்கும் அசைக்காததை ஒரு சாதாரண மெலோட்ராமா அசைத்தது.

லயம்_ஏழு

அது கொஞ்சம் இழுத்துக் கட்டிய கதை. அந்தக் காலவரம்பை 1965லும் 1969லும் ஏற்கெனவே தள்ளிவைத்திருந்தார்கள். 1979 இறுதியில் கெடு முடிய இருந்ததால் விவாதம் எப்படியும் வந்திருக்கும். தொடர் காற்றைக் கொஞ்சம் பலப்படுத்தியது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அழுகை மட்டும் எதையும் நகர்த்தாது. இரக்கம் பற்றி ஆய்ந்த டேனியல் பேட்சன் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: அடுத்தவர் மீதான கரிசனம் ஒன்று, பார்ப்பவருக்கே உண்டாகும் தவிப்பு இன்னொன்று. தவிப்பு மேலோங்கியவர், எளிதாக விலகிப்போக வழி இருந்தால் பெரும்பாலும் விலகிவிடுவார். படம் முடிந்து விளக்குப் போட்டால் அதுதானே வழி? கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

பச்சைத்தேயிலை

மனநல ஆலோசனைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு தரப்பும் 'பாதிப்பு' என்ற ஒரே சொல்லில் மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

ஒன்று, நோய். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, வேலை நிமித்தம் பார்க்க நேர்ந்தால் ஒழிய, திரையில் பார்த்ததை மட்டும் வைத்து பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று சொல்லக் கூடாது என்கிறது. ஆகவே படம் பார்த்து ஒருவருக்குப் புதிதாக அந்த நோய் வந்துவிடும் என்று பயமுறுத்த வேண்டாம். ஏற்கெனவே இருப்பது கிளறப்படலாம் என்பது வேறு விஷயம்.

இரண்டு, திரும்பத் திரும்ப வரும் காட்சித் துணுக்குகள். இதை ஆய்வகத்தில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழு 2009இல் 12 நிமிடக் கோரப் படம் காட்டி, அரை மணி கழித்து ஒரு சாராரை 10 நிமிடம் டெட்ரிஸ் (விழும் கட்டங்களை அடுக்கும் கணினி விளையாட்டு) ஆடவைத்தது. அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தத் துணுக்குகள் குறைவாக வந்தன. படத்தில் என்ன நடந்தது என்ற நினைவு மட்டும் அப்படியே இருந்தது. 2010இல் அதே குழு வினாடி வினா நடத்திப் பார்த்தபோது, படம் முடிந்து அரை மணியில் சொல்லால் மூளையை வேலை வாங்கியவர்களுக்குத் துணுக்குகள் கூடின.

மூன்று, உடனே நடக்கும் குழு உரையாடல். நிஜ விபத்துகளில் சிக்கியவர்களுக்கு ஒரே அமர்வில் 'மனம்விட்டுப் பேசவைக்கும்' முறையைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு (2002), அது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை என்றே முடித்தது.

படம் முடிந்த கையோடு நாற்காலியை வட்டமாகப் போட்டு 'என்ன உணர்ந்தீர்கள்' என்று மைக்கை நீட்டுவதுதான் நம் திரைப்பட இயக்கங்களின் வழக்கம். அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். டீ கொடுங்கள், எல்லாருமாக நாற்காலிகளை மடக்கி அடுக்கட்டும். பேச்சு அடுத்த நாள் காலை.

லயம்_ஏழு

மடக்கு நாற்காலி அடுக்குவது டெட்ரிஸ் ஆகாது மேடம். அது ஆய்வகம், பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். எழுபது வயதுப் பாட்டிக்கு அதைப் பொருத்த உங்களிடம் என்ன ஆதாரம்?

பச்சைத்தேயிலை

நேரடியாகப் பொருத்த ஆதாரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக்கை நீட்டாமல் இருப்பதால் யாருக்கும் கேடு இல்லை, நீட்டினால் வரலாம். எச்சரிக்கைப் பலகை பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதில் பதில் உண்டு. 2023 தொகுப்பாய்வின்படி முன்னெச்சரிக்கை வாசகம் பார்ப்பவரின் மன உளைச்சலைக் குறைப்பதில்லை, பார்ப்பதற்கு முந்தைய பதற்றத்தைத்தான் ஏற்றுகிறது. 'கடுமையான காட்சிகள்' என்று பொதுவாகப் பயமுறுத்தாமல் கதையையே சொல்லிவிடுங்கள்: 'இந்தப் படத்தில் ஒரு ரயிலடி வரும், பெயர்ப் பதிவு வரும், இத்தனையாவது நிமிடத்தில்.' விரும்பாதவர் அந்த நேரம் வெளியே நிற்கட்டும்.

ஒலிப்பெட்டி

தலைப்பிலிருந்து விலகுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பாதி உணர்ச்சி காதில்தான் இருக்கிறது. தகரக் கூரைக் கூடத்தில் போர்ப் படம் போட்டால் வழக்கமாக நடக்கும் கோளாறு இது. படம் 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலியில் இருக்கும், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு. நீங்கள் லேப்டாப்பிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு விடுகிறீர்கள், வசனம் அமுங்குகிறது. பின்வரிசையிலிருந்து 'கேக்கல' என்று குரல். வால்யூமை ஏற்றுகிறீர்கள். அடுத்த காட்சியில் குண்டு விழுகிறது, தகரம் அதிர்கிறது. இயக்குநர் வைத்த அதிர்ச்சி அது கிடையாது, ஆபரேட்டர் வைத்தது. மழை பெய்தால் இன்னும் மோசம்: மழைக்காக ஏற்றிய வால்யூம் மழை நின்ற பிறகும் அப்படியே நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பந்தலூரில் யாரும் இதைச் செய்ய நினைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: முதல் நாளே படத்தின் மிகச் சத்தமான காட்சியைக் கண்டுபிடித்து, அதற்கு வால்யூம் வைத்து, அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். படம் ஓடும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஆடியோ எஃபெக்ட்ஸுக்குள், உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெசர் இருக்கிறது. விகிதம் 4:1 அளவில் வைத்தால் சத்தத்துக்கும் வசனத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். சப்வூஃபரைப் பலகை மேடையில் வைக்காதீர்கள், மேடையே முழவாகிவிடும். சிமென்ட் தரையில் வையுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

சப்டைட்டில்: தமிழ் சப்டைட்டில் கோப்பை (எஸ்ஆர்டி) யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 24 ஃப்ரேம் பிரதியோடு ஓட்டினால் நிமிடத்துக்கு இரண்டரை நொடி போல முந்திக்கொண்டே போகும். முக்கால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். தாய் அழும்போது அடுத்த காட்சியின் அதிகாரி வசனம் கீழே வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் 'இந்தத் தலைமுறைக்கு இரக்கமே இல்லை' என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள்.

கோடப்பமந்து

சிரிப்பு பற்றி ஒரு நல்ல உதாரணம். 1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் பார்க்க அழைத்துப்போன பள்ளி மாணவர்கள், ஒரு பெண்ணைச் சுடும் காட்சியில் சிரித்தார்கள். படத்தை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். நாடெங்கும் செய்தி. துப்பாக்கிச் சாவுகள் பழகிப்போன பகுதிப் பிள்ளைகள் அவர்கள். என்ன படம், எந்த நாடு, எந்த ஆண்டு என்று போதிய முன்தயாரிப்பு இல்லாமல் விடுமுறை நாளில் கூட்டிப்போயிருந்தார்கள். பிறகு படத்தின் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கே அந்தப் பள்ளிக்குப் போய்ப் பேசினார். பிள்ளைகளுக்கு முந்தின வாரம் நாற்பது நிமிட வகுப்பு, ஒரு வரைபடம். அது போதும்.

வெலிங்டன்_வாசி

முன்னாள் ராணுவத்தினரையும் கணக்கில் எடுங்கள். ராணுவத்தில் இருந்தவர் எல்லாரும் அதிர்ந்துபோவார் என்பதும் தப்பு, யாரும் அதிரமாட்டார் என்பதும் தப்பு. கூடத்தில் நாலு ஏற்பாடு போதும். கதவோரம் இரண்டு வரிசை காலியாக விடுங்கள். கதவைப் பூட்டாதீர்கள். முழு இருட்டு வேண்டாம், பின்னால் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். எழுந்து போகிறவரின் பின்னால் ஓடி 'என்ன ஆச்சு சார்' என்று கேட்காதீர்கள், வெளியே ஒருவர் சும்மா நின்றால் போதும்.

அல்ஜியர்ஸ் பற்றி: ஒடுக்கப்பட்டவரின் படம் என்று அதை ஒரே பெட்டியில் அடைக்கிறீர்கள். 2003இல் இராக் போர் நேரத்தில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் அதிகாரிகளுக்கே அதைத் திரையிட்டார்கள், எதிர்ப்பாளர்களை எப்படிச் சமாளிப்பது என்று பேச. ஒரே படம் இரண்டு பக்கமும் பாடம் சொல்லும். ப்ளஸ் டூ பிள்ளைகள் குண்டு வைக்கும் பெண்களைக் கைதட்டிப் பார்த்தால் குழு என்ன செய்யும்?

கோடப்பமந்து

குண்டு வெடிப்பதற்கு முன் அந்தக் கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையின் முகத்தைக் கேமரா காட்டுகிறது. கைதட்ட நினைப்பவன் கையைக் கட்டிப்போட அதுவே போதும். குண்டு வெடித்த பிறகு இரண்டு பக்கத்து இழப்புக்கும் ஒரே சோக இசைதான். இத்தனைக்கும் இதன் இயக்குநர் பொன்டெகார்வோ எடுத்த முந்தைய படமான காப்போவில், நாஜி முகாமின் மின்வேலியில் விழுந்து சாகும் பெண்ணை அழகாகச் சட்டகத்தில் அமைக்கக் கேமரா நகர்ந்தது அருவருப்பு என்று பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவெத் 1961இல் எழுதினார். ஆறு ஆண்டில் ஆள் திருந்திவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

லயம்_ஏழு

அப்படியானால் நம் படத்தையே போடலாமே? பரதேசி (2013) தேயிலைத் தோட்ட அடிமைத்தனம்தானே?

பச்சைத்தேயிலை

இப்போது நீங்களே உங்கள் வாதத்துக்கு எதிராகப் பேசுகிறீர்கள். போலந்து மேசையே அசைக்கும் என்றால் தோட்டத்து வரிசை வீடான லயமும், வேலை வாங்கும் கங்காணியும் என்ன செய்யும்? அந்தப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். வேற்று மொழி, கறுப்பு வெள்ளை எல்லாம் அந்தத் தூரம்தான். 1964இல் உளவியலாளர் லாசரஸின் குழு உடலைக் கீறும் சடங்குப் படம் ஒன்றை வேறுவேறு பின்னணிக் குரலோடு காட்டியது. விலகி நின்று விளக்கும் குரல் வந்தபோது தோலின் மின்கடத்தல் போன்ற பதற்ற அளவுகள் குறைந்தன, வலியை அழுத்திச் சொன்ன குரலுக்குக் கூடின. கண்ணுக்கு ஒரே படம்தான். எழுத்துப் படிக்க முடியாத பெரியவர்களுக்குச் சப்டைட்டிலை ஒருவர் மைக்கில் படிக்கப் போகிறீர்கள் அல்லவா? நடித்துப் படிக்கக் கூடாது. ரேஷன் கடை அறிவிப்பு மாதிரித் தட்டையாகப் படிக்கட்டும்.

கோடப்பமந்து

பரதேசிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மூலமான ரெட் டீ நாவலை எழுதிய பி.எச். டேனியல் ஒரு தோட்ட மருத்துவர், கிறிஸ்தவர். படத்தில் மருத்துவர், மதம் மாற்றும் பாட்டு ஒன்றின் கேலிப் பாத்திரமாக ஆகிவிட்டார். கூடத்தில் பாதிக்குப் பாதி அந்த விவாதமே ஓடும்.

மூடுபனி

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஷிண்ட்லரை எடுத்துவிடத் தோன்றுகிறது. 195 நிமிடம். ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் எட்டே கால், கடைசி பஸ் போயிருக்கும். இருட்டில் யானை நிற்கும் வழியில் யாரையும் நடக்கவிட முடியாது. பதிலாக நாஜி முகாம்கள் பற்றிய 32 நிமிட ஆவணப்படம் நைட் அண்ட் ஃபாக் (1955)?

பச்சைத்தேயிலை

வேண்டாம். நீளம் குறைவுதான், ஆனால் பிணக்குவியல்கள் நிஜப் பதிவு. எழுபது வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே கூடத்தில் அது கூடாது. ஃபயர்ஃப்ளைஸை முதல் வாரம் வையுங்கள். 89 நிமிடம், ஓவியப் படம், பையன் சாகிறான் என்று முதல் நிமிடமே சொல்லிவிடுவதால் 'என்ன ஆகுமோ' என்ற பதைப்பு இல்லை. ஜப்பானில் 1988இல் டோட்டோரோ என்ற குழந்தைகள் ஓவியப் படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் வந்த படம் இது. உங்களுக்கும் அதுவே செய்யத் தோன்றினால் டோட்டோரோவை இரண்டாவதாக வையுங்கள், முதலில் அல்ல.

லயம்_ஏழு

அந்தப் படத்தின் இயக்குநர் தகஹாட்டாவே இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று சொன்னவர். உங்கள் தலைப்பை மாற்றுங்கள்.

நான் இன்னும் வேண்டாம் கட்சிதான். ஆனால் போடுவதானால் ஒன்று: பெரியவர்களைப் பார்வையாளராக மட்டும் கூப்பிடாதீர்கள். எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கதையை முழுசாகச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் படம் இல்லை.

வெலிங்டன்_வாசி

இதை ஏற்றுக்கொள்ளலாம். கூடத்தில் யாராவது கூப்பிட்டும் பேசாமல் வெறித்தபடி, மூச்சு வேகமாக உட்கார்ந்திருந்தால்: விளக்கைப் போடுங்கள், பெயர் சொல்லி எந்த ஊர், என்ன கிழமை என்று பேச்சுக் கொடுங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், கேட்காமல் தொடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் தாமதிக்காமல் 108. மறுநாளும் தூக்கம் இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

மூடுபனி

சரி. தேர்வுக் கூட்டம் ஞாயிறு காலை, லயத்து வாசலிலேயே. பொதுத் திரையிடல் உரிமைக்கு எழுதியிருக்கிறேன், வீட்டு டிவிடியைக் கூடத்தில் ஓட்டப் போவதில்லை. ஒலிப்பெட்டி அண்ணா, கம்ப்ரெசரில் த்ரெஷோல்டு, அதாவது எந்த அளவுக்கு மேல் சத்தத்தை அமுக்க வேண்டும் என்பது, எவ்வளவு வைப்பது?

ஒலிப்பெட்டி

மைனஸ் 20 டெசிபலில் தொடங்கி, கூடத்தில் ஆள் இருக்கும்போது சரிபாருங்கள். காலிக் கூடம் பொய் சொல்லும், தொண்ணூறு ஸ்வெட்டர் சத்தத்தைக் குடித்துவிடும்.