ஸ்கேன் செய்த சுயவிபரக்கோவையை இணையத்தில் ஏற்றலாமா?

கொட்டாஞ்சேனைவாசி:
அரச சார்பற்ற நிறுவனமொன்றின் கள உத்தியோகத்தர் பதவிக்கு என் தங்கை விண்ணப்பிக்க இருக்கிறார். சுயவிபரக்கோவையை ஆங்கிலத்திலும் தமிழிலும் தங்கள் இணையதளத்திலேயே ஏற்றும்படி கேட்டிருக்கிறார்கள். அருகிலுள்ள கொமியூனிகேசனில் (தட்டச்சு, பிரதி எடுத்துத் தரும் கடை) தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்த பீடிஎப் கோப்புத்தான் அவரிடம் உள்ளது. தமிழ்ப் பிரதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அப்படியே ஏற்றினால் போதுமா?

எழுதுகோல்:
போதாது. ஸ்கேன் செய்த பக்கம் மனிதக் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் கணனிக்கு அது வெறும் படம். விண்ணப்பங்களை முதலில் மென்பொருளால் வடிகட்டும் நிறுவனமாயின், தகுதிகள் எதுவும் அதன் கண்ணில் படாமலே போகக்கூடும். கொமியூனிகேசனில் மூல வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்கி, அதிலிருந்தே பீடிஎப் எடுங்கள். கையொப்பம் கேட்கப்படாவிட்டால் தேவையில்லை. அந்த மென்பொருளைக் குழப்பக்கூடிய அட்டவணைகளையும் பக்கவாட்டுப் பெட்டிகளையும் தவிருங்கள். தொலைபேசி இலக்கத்தையும் பக்கத்தின் தலைப்புப் பகுதிக்குள் (ஹெடர்) வைக்காமல் உடற்பகுதியிலேயே எழுதுங்கள்.

பாமினிதான் பெரிய சிக்கல். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். எந்தக் கணனியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் பீடிஎப்பிலிருந்து ஒரு பந்தியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்புகள் இடம் மாறிச் சிதறினால், வேர்ட் கோப்பை ஏற்பார்களா என்று பார்த்து அதையே அனுப்புவது நல்லது.

வெள்ளவத்தை வாசகர்:
தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 12 இலக்கங்கள் கொண்ட புதியதிலும் இவை உள்ளன. யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாத கோப்பில் இது எதற்கு? குடியியல் நிலை, மதம் என்பனவும் கேட்டாலொழிய வேண்டாம்.

எழுதுகோல்:
உடன்படுகிறேன், ஆனால் அரச பதவிகளுக்கு இது பொருந்தாது. அரச அறிவித்தல்கள் வெளியாகும் வர்த்தமானியில் மாதிரிப் படிவம் தரப்பட்டிருந்தால் அதில் கேட்டதை எல்லாம் கேட்ட ஒழுங்கிலேயே நிரப்பத்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனைவாசி:
நன்றி. கோப்புக்கு என்ன பெயரிடுவது?

வெள்ளவத்தை வாசகர்:
அவருடைய பெயரும் பதவியும் போதும். 'புதியது இறுதி 2' என்ற பெயரில் வரும் கோப்பைத் தேடி எடுப்பது பெறுபவருக்குத்தான் தொல்லை.