ஃபைனல் ஃபேண்டஸி லோகோ: எழுத்து அப்படியே நிற்க ஓவியம் மட்டும் மாறும் வழக்கம் எப்போது தொடங்கியது?

மைக்கூடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஃபைனல் ஃபேண்டஸி வீடியோ கேம் வரிசைக்குள் நான் ஏழாம் பாகத்தின் வழியாகத்தான் நுழைந்தேன். அதன் தொடக்கக் காட்சியில், பூக்கூடையோடு தெருவுக்கு வரும் பெண்ணை விட்டுக் காட்சி மேலே மேலே எழும்பி, மிட்கார் நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற கணத்தில் லோகோ வந்து நிற்கும். நெட்டையான, ஒடுங்கிய எழுத்துகள். அவற்றுக்குப் பின்னால் நீலப்பச்சையில் வாலோடு விழும் ஒரு விண்கல். கதை இன்னும் தொடங்கவே இல்லை, அந்தக் கல் என்னவென்று எனக்குத் தெரியாது, இருந்தும் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இப்போது முதல் பாகத்திலிருந்து வரிசையாக விளையாடி வருகிறேன். இன்று விற்பனையில் உள்ள பதிப்புகளில் முதல் மூன்று பாகங்களுக்கும் அதே வகை லோகோ இருக்கிறது. ஆனால் ஜப்பானில் 1987இல் வெளிவந்த பெட்டியின் படத்தைப் பார்த்தால் எழுத்தே வேறாக இருக்கிறது. அப்படியானால் நாம் அறிந்த இந்த வடிவம் எந்தப் பாகத்தில் நிலைபெற்றது? பாத்திரங்களை வரைபவர்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது, லோகோவின் ஓவியத்தை மட்டும் ஓவியர் யோஷிதகா அமானோவே தொடர்ந்து வரைவது ஏன்? ஏழாம் பாகத்தில் நாயகன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல் இருக்கிறதே, எதை வரைவது என்பதற்கு ஏதேனும் முறை உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பழைய கேட்ரிட்ஜ்:

வணக்கம் நண்பரே. நீங்கள் கவனித்தது சரியே. இன்று முதல் மூன்று பாகங்களின்மேல் நாம் காணும் லோகோ, அவை வெளிவந்த காலத்தைச் சேர்ந்தது அன்று.

முதல் பாகம் ஃபேமிகாம் கருவிக்காக 1987 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பாகம் 1988இலும் மூன்றாம் பாகம் 1990இலும் வந்தன. இம்மூன்றின் பெட்டிகளிலும் அமானோவின் ஓவியம் இருந்தாலும், தலைப்பு தனக்கென ஓர் எழுத்தமைப்போடு தனியாக நின்றது. ஓவியம் அதனோடு ஒட்டாமல் தன் இடத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றாக இணைந்தது 1991 ஜூலையில் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த நான்காம் பாகத்தில்தான். ஒற்றை வரியில் தலைப்பு, அதன் முடிவில் ரோமன் எண், எழுத்துகளுக்குப் பின்னால் அமானோவின் கோட்டோவியம் என்ற அமைப்பு அங்கே பிறந்தது. 1992இல் ஐந்தாம் பாகமும் 1994இல் ஆறாம் பாகமும் அதையே பின்பற்றிய பிறகு அது வழக்கமாகிவிட்டது. முதல் பாகம் 2000 டிசம்பரில் வொண்டர்ஸ்வான் கலர் கருவிக்காக மறு உருவாக்கம் பெற்றது. அந்தக் காலத்து மறு வெளியீடுகளிலிருந்துதான் பழைய பாகங்களுக்கும் புதிய சட்டை தைக்கப்பட்டது. நீங்கள் வரிசையாகப் பார்க்கும்போது எல்லாம் ஒரே கையில் பிறந்தவைபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய பாகங்கள் அந்நாளில் வெளியாகவில்லை. எனவே நான்காம் பாகம் 1991இல் ‘இரண்டு’ என்றும், ஆறாம் பாகம் 1994இல் ‘மூன்று’ என்றும் எண் மாற்றி விற்கப்பட்டன. லோகோவும் அமானோவின் ஓவியம் இல்லாமல் வேறு விதமாக அமைக்கப்பட்டது. 1997இல் ஏழாம் பாகம் வந்தபோதுதான் எண்ணும் எழுத்தும் ஓவியமும் உலகம் முழுவதும் ஒன்றாயின. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோருக்கு இந்த லோகோ மரபு அந்த விண்கல்லோடு தொடங்குவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அமானோவைப் பற்றிய கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். ஃபேமிகாமில் வரைபடத்தின்மீது நடமாடும் ஓர் உருவத்திற்குக் கிடைத்த இடம் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள்தான். அமானோவின் ஓவியத்திலோ காற்றில் பறக்கும் மேலங்கியின் ஓரம் மட்டுமே நூறு மெல்லிய கோடுகளாகச் சிதறி நிற்கும். அந்த ஓவியத்தைப் பார்த்து, அதன் சாரத்தைச் சில புள்ளிகளுக்குள் அடக்கும் வேலையைத் தொடக்கப் பாகங்களில் கசுகோ ஷிபுயா செய்தார். அவருடைய திறமை எனக்கு இன்றும் மலைப்பைத் தருகிறது. ஆனால் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் திரைக்குள் அமானோவின் கோடு அப்படியே வர வழியில்லை. அது உயிரோடு இருந்த இடங்கள் பெட்டியும் கையேடும்தான். நான்காம் பாகத்தில் அது லோகோவுக்குள் நுழைந்தபோது, விளையாடுபவரின் கற்பனைக்கு ஒரு திறவுகோல் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. ஏழு, எட்டு, பத்து ஆகியவற்றின் பாத்திரங்களை டெட்சுயா நொமுரா வடிவமைத்தார். பன்னிரண்டாம் பாகத்தில் அப்பணியை அகிஹிகோ யோஷிடா ஏற்றார். கதை, உலகம், போர்முறை என எல்லாமே பாகத்துக்குப் பாகம் புதிதாகிற ஒரு வரிசையில், இவை ஒரே குடும்பம் என்று காட்டுவதற்கு ஏதேனும் ஒன்று நிலையாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையை அமானோவின் கை செய்கிறது. 2003 ஏப்ரலில் இந்த வரிசையை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனம் எனிக்ஸுடன் இணைந்து நிறுவனத்தின் பெயரே மாறியது. இந்த லோகோவின் அமைப்பு அப்போதும் அசையவில்லை.

அச்சுக்கோப்பு:

மேலே உள்ள பதில் வரலாற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் அச்சக வடிவமைப்பில் இருப்பவன் என்பதால் எழுத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

இந்தத் தலைப்பில் ஆங்கில எழுத்துகள் பன்னிரண்டு. அதன்பின் எண் வருகிறது. எண் ஓர் எழுத்தாகவும் இருக்கலாம், எட்டாம் பாகத்தைப் போல நான்கு எழுத்தாகவும் இருக்கலாம். இவ்வளவையும் ஒரே வரியில் வைத்து, மேலும் கீழும் ஓவியத்துக்கு இடம் விட வேண்டுமென்றால், அகலமான எழுத்து உதவாது. ரூனிக் கண்டென்ஸ்டு என்ற பழைய பாணி எழுத்துருவை ஒட்டிய இந்த வடிவம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: உயரம் மிகுந்து, அகலம் ஒடுங்கி, கால்களின் முனை ஆப்பு போலக் கூர்ந்து முடிகிறது. கல்லில் உளியால் வெட்டிய எழுத்தின் சாயல் அதில் இருப்பதால், பழங்கதை ஒன்றின் முகப்பு என்ற உணர்வும் கூடவே வந்துவிடுகிறது. ரோமன் எண்களும் நேர்க்கோடுகளால் ஆனவையாதலால், எண் என்று தனியே துருத்தாமல் சொல்லின் தொடர்ச்சியாகவே அமைந்துவிடுகின்றன.

இதைவிட முக்கியமானது எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு. எழுத்து ஒரே நிறத்தில், எந்தப் பளபளப்பும் இல்லாமல் உறுதியாக நிற்கிறது. ஓவியமோ ஒரு நிறத்தில் தொடங்கி இன்னொன்றில் கரைகிறது. அதற்கு வரம்பு இல்லை, கோடுகள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஈரத் துணியின்மேல் மை பரவுவதைப் போன்ற அந்த மென்மைக்கு முன்னால் எழுத்து கம்பிவேலி போல் நிற்பதால்தான் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. தொண்ணூறுகளில் வந்த பல வீடியோ கேம் லோகோக்கள் உலோக மினுக்கும் தடித்த நிழலுமாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். அவற்றைப் பார்த்த உடனே வயது தெரிந்துவிடும். 1991இல் வகுத்த இந்த அமைப்புக்கு அந்தக் குறை இல்லை. 2020இல் ஏழாம் பாகத்தின் மறு உருவாக்கம் வந்தபோது, அதே விண்கல்லை வைத்து, தலைப்பின் கீழே ஒரு சொல்லைச் சேர்ப்பதே போதுமானதாக இருந்தது.

நிலாமுற்றம்:

எதை வரைகிறார்கள் என்ற கேள்விதான் என் மனத்துக்கு நெருக்கமானது. எழுதுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: நான்கு, ஏழு, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய பாகங்களின் கதைத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லுங்கள்.

எழுதிவைத்த விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், நாயகனின் முகத்தைக் காட்டி விற்கும் எளிய வழியைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறார்கள். நான்காம் பாகத்தின் நாயகன் செசில். லோகோவில் இருப்பவன் அவனுடைய நண்பன் கெய்ன். நட்புக்கும் பொறாமைக்கும் நடுவே சிக்கி, நண்பனைக் காட்டிக்கொடுத்து, திரும்பி வந்து, மீண்டும் காட்டிக்கொடுக்கும் அந்த வேல்வீரனே அக்கதையின் புண். 2007இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு அதே கதையை மீண்டும் செய்தபோது லோகோவில் கெய்னை எடுத்துவிட்டு கோல்பெஸை வைத்தார்கள். கதை முழுவதும் பகைவனாக வந்து, இறுதியில் செசிலின் அண்ணன் என்று தெரியவருபவன் அவன். ஒரே கதைக்கு இரண்டு லோகோக்கள், இரண்டிலும் நாயகனுக்கு எதிரே நிற்கும் உறவு. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் பாகத்திலும் இதே போக்கைக் காணலாம். நாம் இயக்கும் வான் என்ற இளைஞன் லோகோவில் இல்லை. தலைக்கவசம் அணிந்த நீதிபதி கேப்ராந்த் இருக்கிறார். சொந்தச் சகோதரனுக்கே வஞ்சகன் என்ற பழியைச் சுமத்தியவர் அவர்.

ஏழாம் பாகத்தின் விண்கல்லுக்கு வருகிறேன். அக்கதையில் ஏறக்குறைய பாதி வழியில் வில்லன் செஃபிராத் அதை வரவழைக்கிறான். அதன்பிறகு நீங்கள் எங்கே நடந்தாலும் அது வானத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். லோகோவை முதலில் பார்க்கும்போது அது ஓர் அழகான படம். அதை வரவழைக்கும் மந்திரக் கல்லான கறுப்பு மட்டீரியாவைப் பற்றி அறிந்தபின் அதே படத்தைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ கனக்கும். ஒன்பதாம் பாகத்தின் படிகமும் அப்படிப்பட்டதே. தொடக்கப் பாகங்களின் படிகங்களுக்குத் திரும்பிச் செல்லும் விருப்பம் அதில் தெரிகிறது.

பத்தாம் பாகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லோகோவில் நாயகி யூனா கோலேந்தி ஆடுகிறாள். கிலிகா ஊர் அழிந்த பிறகு, இறந்தவர்களை வழியனுப்ப அவள் நீரின்மேல் நின்று ஆடும் சடங்கு அது. கரையில் நிற்பவர்கள் அழுகிறார்கள், அவளோ நிறுத்தாமல் சுழல்கிறாள். அமானோ அந்த ஆடையையும் கைகளையும் ஒரே சுழிப்பில் போட்டிருக்கிறார். கோடு எங்கே துணி, எங்கே கை என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் காட்சியைக் கடந்தபின் நான் விளையாட்டை நிறுத்திவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்து லோகோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் பாகம் இன்னும் துணிச்சலானது. படிகத் தூண் ஒன்று உலகத்தைத் தாங்கி நிற்கும் கடைசிக் காட்சியையே பெட்டியின்மேல் அச்சிட்டு விற்றார்கள். முடித்தவருக்கு மட்டுமே அது முடிவு என்று புரியும்.

மைக்கூடு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கெய்னைப் பற்றி எழுதியதைப் படித்தபின் நான்காம் பாகத்தின் லோகோவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதின்மூன்றாம் பாகத்தைப் பற்றி மட்டும் எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. அந்த விளையாட்டை நான் இறுதிவரை முடித்தவன். முடித்த பிறகும் அந்த ஓவியம் எனக்கு நெருக்கமாகவில்லை. உருண்டையும் தூணும் பின்னிக் கிடக்கும் கோடுகளில் பார்வை எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. பொருள் ஆழமாக இருப்பது மட்டும் போதுமா?

அச்சுக்கோப்பு:

உங்கள் கேள்வியைச் சோதித்தே பார்த்தேன். ஏழு, பத்து, பதின்மூன்று ஆகிய மூன்று லோகோக்களையும் நிறம் நீக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, சாதாரணத் தாளில் அச்சிட்டேன். ஏழில் தலையும் வாலும் உள்ள ஓர் உருவம் அப்படியே நின்றது. பத்தில் முகம் போய்விட்டது, ஆனால் ஆட்டம் போகவில்லை. உடல் வளைந்த திசை தெரிந்தது. பதின்மூன்றில் எழுத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் திட்டு மட்டும் மிஞ்சியது. இன்று பலரும் ஒரு விளையாட்டை முதன்முதலில் காண்பது கைப்பேசியிலோ இணையக் கடையின் சிறிய கட்டத்திலோதான் என்பதால், இந்தக் குறையை நான் பெரியதாகவே கருதுகிறேன். பெரிய சுவரொட்டியில் அதே ஓவியம் அற்புதமாக இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை.

நிலாமுற்றம்:

சிறிய அளவில் அது கலங்கிவிடுகிறது என்பதை ஏற்கிறேன். 2023இல் வந்த பதினாறாம் பாகத்தில் அந்தப் பாடம் தெரிகிறது. ஃபீனிக்ஸும் இஃப்ரிட்டும் எதிரெதிரே மோதும் இரண்டு உருவங்கள், எந்த அளவிலும் இரண்டாகவே தெரிகின்றன.

ஆனால் லோகோ கதைக்குள் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டிருந்தால், பதினைந்தாம் பாகம் செய்தது நமக்குக் கிடைத்திருக்காது. 2016இல் அது வெளிவந்தபோது, லோகோவில் ஒரு பெண் தனியாகக் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். பல மணி நேரம் விளையாடி, எல்லாம் முடிந்து, இறுதியில் லோகோ திரும்ப வரும்போது அவளுக்குப் பக்கத்தில் நாயகன் நாக்டிஸ் இருக்கிறான். முதல் நாளிலிருந்து அந்த ஓவியத்தில் ஓர் ஆளுக்கான இடம் காலியாக இருந்திருக்கிறது. அதை நாம் வெறும் வெள்ளை என்று நினைத்திருந்தோம். நண்பர் மைக்கூடு அந்தப் பாகத்தை இன்னும் தொடவில்லை என்றால் மன்னிக்கவும். தொட்டிருந்தால், அந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை பாருங்கள்.